யாருக்கு ஊரடங்கு?

1979ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் தேதி, இங்கிலாந்தின் வடபகுதியில் மேற்கு யார்க்‌ஷயர் காவல்துறை செய்தியாளர்களைக் கூட்டி ஒரு கேசட்டைப் போட்டுக் காட்டியது. ஓர் ஆணின் குரல். அவசரமில்லாமல் பேசியது. தன்னை ஜாக் என்று சொல்லிக்கொண்டது. விசாரணைக்குத் தலைமை தாங்கிய ஜார்ஜ் ஓல்ட்ஃபீல்டைப் பெயர் சொல்லி விளித்து, தான் தொடங்கி நான்கு ஆண்டுகளாகியும் தன்னை நெருங்க முடியவில்லையே என்று கேலி செய்தது. வானொலியிலும் தொலைக்காட்சியிலும் அந்தக் குரல் ஒலித்தது. மதுக்கூடங்களிலும் தொழிலாளர் மன்றங்களிலும் போட்டுக் காட்டினார்கள். ஒரு தொலைபேசி எண்ணைச் சுழற்றினால் யார் வேண்டுமானாலும் அதைக் கேட்கலாம் என்றும் ஏற்பாடானது.

அது கொலைகாரனின் குரல் அல்ல. கொலைகாரன் பிராட்ஃபோர்டைச் சேர்ந்த லாரி ஓட்டுநர் பீட்டர் சட்கிளிஃப். கேசட்டில் பேசியவன் சண்டர்லேண்டைச் சேர்ந்த ஜான் ஹம்பிள். கொலைகளுக்கும் அவனுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. கடித உறையில் இருந்த எச்சிலின் மரபணுவை வைத்து 2005இல்தான் அவனைக் கண்டுபிடித்தார்கள். மறு ஆண்டு அவனுக்கு எட்டு ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. ஊரெல்லாம் அவன் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தபோது சட்கிளிஃப் இன்னும் மூன்று பெண்களைக் கொன்றான்.

காவல்துறையின் தோல்விக்கு உதாரணமாக இந்தக் கதையைப் பலரும் சொல்லிவிட்டார்கள். இதில் நாளிதழ்களுக்கும் தொலைக்காட்சிக்கும் என்ன பங்கு என்பதைப் பார்ப்பதுதான் என் நோக்கம். 1975 முதல் 1981 வரை வடஇங்கிலாந்துப் பெண்கள் எப்படிப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டும், யாருக்காக வருத்தப்பட வேண்டும் என்பதையெல்லாம் தினமும் காலையில் வாசலில் வந்து விழுந்த தாள்கள்தாம் பெருமளவு தீர்மானித்தன.

பெயரிலிருந்து தொடங்கலாம். பத்திரிகைகள் இந்தக் கொலைகாரனுக்கு ‘யார்க்‌ஷயர் ரிப்பர்’ என்று பெயர் வைத்தன. அந்தப் பெயர் 1888ஆம் ஆண்டின் லண்டனிலிருந்து கடன் வாங்கியது. பிரிட்டனில் நாளிதழ்கள் மீதான முத்திரை வரி 1855இல் நீங்கியது. 1870இன் கல்விச் சட்டம் ஏழைக் குழந்தைகளுக்கும் பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்டது. அப்படிப் படிக்கக் கற்றவர்களை நம்பி அரைப் பென்னிக்கு விற்ற மாலைப் பத்திரிகைகள் வந்தன. ‘ஸ்டார்’ என்ற பத்திரிகை 1888 ஜனவரியில்தான் தொடங்கியது. அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் ஒயிட்சேப்பல் பகுதியில் ஏழைப் பெண்கள் அடுத்தடுத்துக் கொல்லப்பட்டார்கள். செப்டம்பர் 25ஆம் தேதியிட்ட ஒரு கடிதம் செய்தி நிறுவனம் ஒன்றுக்கு வந்தது. அதில் இருந்த கையொப்பம்தான் ‘ஜாக் தி ரிப்பர்’. கொலை செய்தவன் எழுதியதல்ல அது, யாரோ ஒரு பத்திரிகையாளன் எழுதியது என்று அன்றைய காவல் அதிகாரிகளே சந்தேகப்பட்டார்கள். ஆனாலும் அந்தப் பெயர்தான் நிலைத்தது. கொல்லப்பட்ட ஐந்து பெண்களும் பாலியல் தொழிலாளிகள் என்ற கதையும் அதோடு சேர்ந்து நிலைத்தது. அவர்களில் மூவர் அந்தத் தொழில் செய்ததற்கு எந்த ஆதாரமும் இல்லை என்று வரலாற்றாசிரியர் ஹாலி ரூபன்ஹோல்ட் 2019இல் ‘தி ஃபைவ்’ என்ற நூலில் எழுதினார். தங்க இடமில்லாமல் தெருவில் தூங்கியவர்கள், குடிக்கு அடிமையானவர்கள், மணமுறிவால் வீட்டை இழந்தவர்கள் அவர்கள். ஜூடித் வாக்கோவிட்ஸ் இதற்கு முன்பே, 1992இல், வேறொரு கோணத்தைக் காட்டியிருந்தார். நகரம் பெண்ணுக்கு ஆபத்தானது, அதன் தெருக்களில் இறங்குபவள் தன் விதியைத் தானே தேடிப்போகிறாள் என்கிற நவீன நீதிக்கதையாக அந்தச் செய்திகள் செயல்பட்டன என்பது அவர் வாதம்.

அந்தப் பெயரைத் தூசி தட்டி எடுத்தபோது இந்த நீதிக்கதையும் கூடவே வந்தது.

1975ஆம் ஆண்டு அக்டோபர் 30 அன்று லீட்ஸ் நகரின் சேப்பல்டவுன் பகுதியில் 28 வயதுப் பெண் ஒருவர், தன் வீட்டுக்கு மிக அருகிலேயே ஒரு விளையாட்டுத் திடலில், கொல்லப்பட்டார். நான்கு குழந்தைகளின் தாய். அடுத்த ஒன்றரை ஆண்டில் மேலும் மூவர். ‘விலைமாதர்களைக் கொல்பவன்’ என்று செய்தி வந்தது. வாசிக்கிற பெண்களுக்கு அதில் ஓர் ஆறுதலும் இருந்தது: நான் அப்படிப்பட்டவள் இல்லை, எனவே எனக்கு ஆபத்தில்லை. 1977 ஜூன் மாதம் 16 வயதுப் பெண் ஒருவர் நண்பர்களோடு மாலையைக் கழித்துவிட்டு வீடு திரும்பும் வழியில் அதே சேப்பல்டவுனில் கொல்லப்பட்டார். கடையில் வேலை பார்த்தவர். அன்றுதான் செய்தியின் தொனி மாறியது. முதல் ‘அப்பாவி’ பலி என்று எழுதினார்கள். கொலைகாரன் ஆளை மாற்றிக் கொன்றுவிட்டான் என்பது போல ஒரு விளக்கமும் வந்தது. ஐந்தாவதாக இறந்தவர் அப்பாவி என்றால், முதல் நால்வரும் யார்?

அந்தச் சொல்லைக் காவல்துறையும் பயன்படுத்தியது. 1979 அக்டோபரில் விசாரணையின் உயரதிகாரி ஒருவர் வெளிப்படையாகவே பேசினார். இவனுக்கு விலைமாதர்கள் மேல் வெறுப்பு, பலருக்கும் அந்த வெறுப்பு உண்டு, ஆனால் இப்போது அப்பாவிப் பெண்களையும் கொல்கிறான் என்பது அவர் பேச்சின் சாரம். 1981இல் நீதிமன்றத்தில் அரசுத் தரப்பில் வாதாடிய தலைமை வழக்கறிஞர் சர் மைக்கேல் ஹேவர்ஸும் அதையேதான் சொன்னார். கொல்லப்பட்டவர்களில் சிலர் அந்தத் தொழில் செய்தவர்கள், சிலர் அப்படி இல்லை என்பதுதான் இந்த வழக்கில் மிகத் துயரமானது என்றார். பாலியல் தொழிலாளர் அமைப்பைச் சேர்ந்த பெண்கள் நீதிமன்றத்துக்கு வெளியே பதாகைகளோடு நின்று அதை எதிர்த்தார்கள்.

நாம் இதை வெளிநாட்டுக் கதையாக மட்டும் படிக்க முடியாது. நம் நாளிதழ்களில் ‘அழகி’ என்ற சொல் படும் பாட்டை நினைத்துப் பாருங்கள். ‘அழகிகள் கைது’, ‘அழகிகள் மீட்பு’. படித்தவுடன் என்ன தொழில் என்று எல்லோருக்கும் புரிந்துவிடுகிறது. கணவன் மனைவியை வெட்டினான் என்ற செய்திக்கு முன்னால் ‘கள்ளக்காதல்’ என்று ஒரு சொல் வந்து நின்றுவிட்டால், வெட்டியவனுக்கு ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. இறந்தவள் பதில் சொல்ல வர மாட்டாள்.

அப்பாவி, அப்பாவி அல்லாதவர் என்ற இந்தப் பிரிவினை ஒழுக்கப் பார்வையோடு நிற்கவில்லை. கொலைகாரனைத் தப்பவிட்டதும் இதுதான். 1975 ஆகஸ்டில், அதாவது முதல் கொலைக்கு முன்பே, ஒரு கிராமப்புறச் சாலையில் 14 வயது மாணவி ஒருவரைச் சட்கிளிஃப் தாக்கினான். அவர் பிழைத்தார். அவனோடு சிறிது தூரம் பேசிக்கொண்டே நடந்திருந்ததால் அவன் முகம் அவருக்குத் தெளிவாக நினைவிருந்தது. அவர் சொன்ன அடையாளத்தைக் கொண்டு தயாரித்த படம் அவனைப் போலவே இருந்தது. ஆனால் அவர் பள்ளி மாணவி, அது கிராமம். ‘விலைமாதர்களைக் கொல்பவன்’ கதையில் அவருக்கு இடமில்லை. 1976 மே மாதம் லீட்ஸில் தாக்கப்பட்டுப் பிழைத்தவர் கரீபியத் தீவிலிருந்து வந்த 20 வயதுக் கறுப்பினப் பெண். கர்ப்பிணியாக இருந்த அவர் குழந்தையை இழந்தார். அவரும் சரியான அடையாளம் சொன்னார். அவர் சொன்னதையும் காவல்துறை பொருட்படுத்தவில்லை. தப்பிப் பிழைத்தவர்கள் சொன்ன அடையாளங்கள் ஒன்றோடொன்று எவ்வளவு பொருந்தின என்பதைப் பின்னர் விசாரணையை மறுஆய்வு செய்த பைஃபோர்டின் அறிக்கை எடுத்துக்காட்டியது. அந்த அறிக்கை வெளியானது 2006இல்தான்.

உயிரோடிருந்த பெண்கள் சொன்ன முகத்தை நம்பாதவர்கள், கேசட்டில் வந்த ஆண்குரலை உடனே நம்பினார்கள். ஏன்? கேசட்டுக்கு முன்பே, 1978 மார்ச்சில், இரண்டு கடிதங்கள் வந்திருந்தன. ஒன்று ஓல்ட்ஃபீல்டுக்கு, ஒன்று மான்செஸ்டரில் இருந்த நாளிதழ் அலுவலகத்துக்கு. கொலைகாரனுக்கு மட்டுமே தெரியக்கூடிய விவரங்கள் அவற்றில் இருப்பதாகக் காவல்துறை நினைத்தது. உண்மையில் அவை பத்திரிகைகளில் வந்தவைதாம். கடிதத்தில் குறிப்பிட்டிருந்த பிரெஸ்டன் நகரக் கொலையைச் செய்தவன் வேறொருவன் என்பதும் 2011இல் தெரியவந்தது. கையொப்பமும் நடையும் 1888ஐப் பார்த்து எழுதியவை. அதாவது, பத்திரிகை ஒரு பாத்திரத்தை உருவாக்கியது. அதைப் படித்த ஒருவன் அந்தப் பாத்திரமாக வேடமிட்டு எழுதினான். காவல்துறை அதை நம்பியது. காவல்துறை நம்பியதால் பத்திரிகைகளுக்கு முதல் பக்கம் கிடைத்தது. இந்த வட்டத்துக்குள் கொலைகாரன் எங்கும் இல்லை. அவன் பாட்டுக்கு லாரி ஓட்டிக்கொண்டிருந்தான்.

லீட்ஸ் பல்கலைக்கழக மொழியியலாளர் ஸ்டான்லி எல்லிஸ் அந்தப் பேச்சுவழக்கு சண்டர்லேண்டின் எந்தப் பகுதியைச் சேர்ந்தது என்பதுவரை சொல்லிவிட்டார். பேசியவன் கொலைகாரனாக இல்லாமலும் இருக்கலாம் என்று எச்சரிக்கவும் செய்தார். அது எடுபடவில்லை. பத்து லட்சம் பவுண்டு என்று பேசப்பட்ட விளம்பர இயக்கம் சுவரொட்டிகளாலும் நாளிதழ் விளம்பரங்களாலும் அந்தக் குரலையும் கையெழுத்தையும் பரப்பியது. தகவல்கள் வந்து குவிந்தன. மில்கார்த் காவல் நிலையத்தில் சேர்ந்த அட்டைகளின் எடை தாங்காமல் தரையையே பலப்படுத்த வேண்டியிருந்தது. சட்கிளிஃபை மொத்தம் ஒன்பது முறை விசாரித்திருக்கிறார்கள். கையெழுத்தும் பேச்சும் பொருந்தவில்லை, வீட்டில் இருந்தான் என்று மனைவி சொன்னார், விட்டுவிட்டார்கள்.

இனி பயத்துக்கு வருகிறேன். இரவில் தனியாக வெளியே போகாதீர்கள் என்பதுதான் பெண்களுக்குக் கிடைத்த அறிவுரை. நாளிதழும் காவல்துறையும் தொலைக்காட்சியும் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லின. இதைச் சொன்னவர்களுக்கு இரவு என்பது பொழுதுபோக்கு நேரம். இரவுப்பணிச் செவிலியருக்கும், விடியலில் அலுவலகம் பெருக்கப் போகிறவருக்கும், மதுக்கூடத்தில் பரிமாறிவிட்டு நள்ளிரவில் திரும்புகிறவருக்கும், தெருவில் நின்றால்தான் அடுப்பெரியும் என்ற நிலையில் இருந்தவருக்கும் அது வேலை நேரம். அவர்களுக்கு வீட்டிலேயே இருங்கள் என்ற அறிவுரை பிழைப்பை விடுங்கள் என்றுதான் பொருள்பட்டது. மற்றவர்கள் வெளியே போக ஓர் ஆணின் துணையைத் தேட வேண்டியிருந்தது. அப்பா, அண்ணன், காதலன், அலுவலகத்தில் உடன் வேலை பார்ப்பவன். காரில் கொண்டுபோய் விடட்டுமா என்று கேட்பவன் நல்லவன்தானா என்ற கேள்வி ஒவ்வொரு முறையும் எழுந்தது.

இந்தக் கட்டத்தில்தான் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிற ஒன்று நடந்தது. தங்கள் கணவன் மீதே, காதலன் மீதே சந்தேகம் என்று சொல்லிக் காவல்துறையைத் தொடர்புகொண்ட பெண்கள் இருந்தார்கள். பின்னாளில் இதைப் பயப்பித்து என்பதுபோல எழுதியவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. தன்னோடு ஒரே கட்டிலில் படுப்பவன் பெண்களைச் சுத்தியலால் அடித்துக் கொல்லக்கூடியவன் என்று ஒரு பெண்ணுக்குத் தோன்றுகிறது என்றால், அவனைப் பற்றி அவளுக்கு ஏற்கெனவே ஏதோ தெரிந்திருக்கிறது. அவள் சொன்னதை ரிப்பருக்குப் பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்தார்கள். பொருந்தவில்லை என்றால் அட்டை பெட்டிக்குள் போனது. அவள் வீட்டில் என்ன நடந்தது என்பது யாருக்கும் செய்தியாகப் படவில்லை.

அதைக் கேட்கப் புறப்பட்டவர்கள் பெண்ணியவாதிகள். ஜல்னா ஹேன்மரும் ஷீலா சாண்டர்ஸும் அதே லீட்ஸில் வீடு வீடாகப் போய்ப் பெண்களோடு பேசினார்கள். 1984இல் அது நூலாக வந்தது. பெண்களின் பயம் காரணமற்றது அல்ல என்பதைத் தலைப்பிலேயே சொன்ன நூல் அது. அவர்கள் வாதத்தை என் சொற்களில் சொல்வதானால் இப்படி: வெளியே இருக்கும் முன்பின் தெரியாதவன் மேல் உள்ள பயம் பெண்ணை வீட்டுக்குள் அனுப்புகிறது, தெரிந்த ஆணின் காவலில் வைக்கிறது, அவளை அடிப்பவன் பெரும்பாலும் அந்தத் தெரிந்த ஆண்தான்.

இன்றைய இந்தியக் கணக்கும் அதையேதான் சொல்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின்படி 2022இல் பெண்களுக்கு எதிராகப் பதிவான குற்றங்கள் 4,45,256. அவற்றில் மிகப்பெரும் பங்கு, 31.4 சதவீதம், கணவனும் அவன் உறவினரும் செய்த கொடுமை. பதிவாகும் பாலியல் வன்புணர்வு வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் தெரிந்தவர்கள் செய்தவை என்று ஆண்டுதோறும் வருகிறது. உலக அளவில் 2023இல் கொல்லப்பட்ட பெண்கள், சிறுமிகள் சுமார் 85,000 பேரில் 51,100 பேரைக் கொன்றது துணைவரோ குடும்பத்தாரோ என்கிறது ஐ.நா. கணக்கு. ஆனாலும் தன் மகள் இருட்டில் தெருவைக் கடப்பதை நினைத்துத்தான் அம்மாவின் வயிறு கலங்குகிறது. என் வயிறும்தான். அறிவுக்குத் தெரிந்தது வயிற்றுக்குத் தெரிவதில்லை. நாம் எத்தனை ஆண்டுகளாக எந்தச் செய்திகளைப் படித்து வளர்ந்திருக்கிறோம்!

1977 நவம்பர் 12 அன்று இரவு, லீட்ஸிலும் இங்கிலாந்தின் வேறு பல நகரங்களிலும் பெண்கள் தீப்பந்தங்களோடு தெருவில் இறங்கினார்கள். ‘இரவை மீட்போம்’ என்பது அந்த ஊர்வலத்தின் பெயர். அதே ஆண்டு ஜெர்மனியில் பெண்கள் நடத்திய இரவு ஊர்வலங்கள் அதற்குத் தூண்டுதல். அவர்கள் எழுப்பிய கேள்வி எளிமையானது. கொல்வது ஆண் என்றால் ஊரடங்கு ஏன் பெண்ணுக்கு? ஆண்கள் இரவில் வீட்டில் இருக்கட்டும் என்றார்கள். அதை யாரும் ஒரு யோசனையாக எடுத்துக்கொள்ளவில்லை. கோபக்காரப் பெண்களின் விபரீதப் பேச்சாகத்தான் பார்த்தார்கள். பாதி ஊரை வீட்டுக்குள் அடைப்பது நடைமுறைக்கு ஒத்துவராது என்று சொன்னவர்களுக்கு, மற்ற பாதி ஏற்கெனவே அடைபட்டுக் கிடப்பது கண்ணில் படவில்லை.

1980 நவம்பர் 17 அன்று 20 வயதுப் பல்கலைக்கழக மாணவி ஒருவர் லீட்ஸின் ஹெடிங்லி பகுதியில் பேருந்திலிருந்து இறங்கினார். இரவு ஒன்பது மணி தாண்டியிருந்தது. விடுதிக்குச் சில நிமிட நடைதான். அவர்தான் பதின்மூன்றாவது, கடைசி. 1981 ஜனவரி 2 அன்று ஷெஃபீல்டில் ரோந்து போன சீருடைக் காவலர்கள், ஒரு காரின் எண் பலகை போலி என்று கண்டு, அதில் ஒரு பெண்ணோடு இருந்தவனைப் பிடித்தார்கள். அவன்தான் சட்கிளிஃப். கேசட்டும் சுவரொட்டியும் அதற்கு உதவவில்லை. அதிகாரிகள் செய்தியாளர் முன் சிரித்த முகத்தோடு அமர்ந்தார்கள். நாளிதழ்கள் கொலைகாரனின் மனைவியையும் உறவினரையும் காசோலையோடு சூழ்ந்தன. அது பத்திரிகை மன்றமே விசாரித்து அறிக்கை வெளியிடுகிற அளவுக்குப் போனது. கடைசியாகக் கொல்லப்பட்ட மாணவியின் தாய் காவல்துறைமீது வழக்குத் தொடுத்தார். இனி யார் கொல்லப்படுவார் என்று தெரியாத நிலையில், காவல்துறைக்கு அப்படிப்பட்ட பெண்களுக்கான சட்டப் பொறுப்பு கிடையாது என்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாக அன்றிருந்த பிரபுக்கள் சபை 1988இல் தீர்ப்பளித்தது. பார்த்து நடந்துகொள்ளும் பொறுப்பு பெண்ணுக்கு உண்டு. பாதுகாக்கும் பொறுப்பு காவல்துறைக்கு இல்லை. சட்டக் கல்லூரிகளில் இன்றும் இந்தத் தீர்ப்பைப் படிக்கிறார்கள்.

சட்கிளிஃப் 2020 நவம்பர் 13 அன்று சிறைக் கைதியாகவே இறந்தான். இறந்த பெண்களைப் பற்றித் தாங்கள் அன்று பயன்படுத்திய மொழிக்காக மேற்கு யார்க்‌ஷயர் காவல்துறை மன்னிப்புக் கேட்டது. நாளிதழ்களின் முதல் பக்கத்தில் மறுபடியும் அவன் முகம்.

அதற்கு நான்கு மாதம் கழித்து, 2021 மார்ச்சில், லண்டனில் நண்பர் வீட்டிலிருந்து நடந்து திரும்பிய 33 வயதுப் பெண் ஒருவர் காணாமல் போனார். தனியாக வெளியே போக வேண்டாம் என்று அந்தப் பகுதிப் பெண்களுக்கு அறிவுரை போனது. பிரபுக்கள் சபையில் ஜென்னி ஜோன்ஸ் என்ற உறுப்பினர், ஆண்களுக்கு மாலை ஆறு மணிக்கு மேல் ஊரடங்கு போட்டால் என்ன என்று கேட்டார். நாடே கொந்தளித்தது, அவர் அதைத் தீவிரமாகச் சொல்லவில்லை என்று விளக்கம் தர வேண்டியதாயிற்று. கொன்றவன் காவல்துறையில் பணியாற்றிவந்த ஒரு காவலர். தன் அடையாள அட்டையைக் காட்டி, கொரோனா விதியை மீறியதாகச் சொல்லி, கைவிலங்கு பூட்டிக் கூட்டிப்போயிருந்தான். அவனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்த பிறகு லண்டன் காவல்துறை பெண்களுக்குப் புதிய அறிவுரை ஒன்றை வெளியிட்டது. தனியாக வரும் காவலர்மீது சந்தேகம் எழுந்தால் என்ன செய்யலாம் என்பதற்கு அது சொன்ன வழிகளில் ஒன்று, சாலையில் போகும் பேருந்தைக் கைகாட்டி நிறுத்துவது.